கம்பெனி சட்டை

பிப்ரவரி 5, திங்கள்

பதினோரு வருடம் கழித்து என்னைக் கதை விவாதத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மாவு மில்லில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், போன் வந்தது. "லாஜிக் பிச்சாண்டி சாருங்களா?" என்றது ஒரு பெண் குரல். தூக்கிவாரிப் போட்டுவிட்டது. அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்களில் பாதிப்பேர் இன்று சினிமாவில் இல்லை. மீதிப்பேர் என் போனை எடுப்பதில்லை.

பெயர் பூங்கோதையாம். முதல் படம் சுமாராக ஓடிய டைரக்டர். இரண்டாவது படம் ஒரு மோசடிக்காரியின் பழிவாங்கல் கதை. "திரைக்கதையில ஓட்டை இருந்தா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு சொன்னாங்க சார்" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. கோதுமை மாவை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குத் தனியாகச் சுலோச்சனாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் புதன்கிழமைக்குப் போட வெள்ளைச் சட்டையை எடுத்தால் காலர் ஈரம். சத்தம் போட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்குத் தெரியும், எனக்கு ஈரத்துணி ஆகாது. காலரில் லேசாக ஈரம் பட்டாலும் உடம்பு சிலிர்த்துப்போகும். "ஊர்ல எவனுக்கும் இல்லாத வியாதி" என்று சொல்லி மறுபடியும் கொடியில் போட்டாள்.

பிப்ரவரி 7, புதன்

வடபழனியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. பூங்கோதைக்கு முப்பத்திரண்டு இருக்கும். மரியாதை தெரிந்த பெண். அவருக்கு உதவியாளர் வளன் என்று ஒரு ஆள். வாயைத் திறப்பதே இல்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றுவது, குறிப்பு எழுதுவது, பேசுவதையெல்லாம் போனில் பதிவு செய்வது, இதுதான் அவன் வேலை. கையெழுத்து அச்சடித்தது போல் இருக்கிறது.

கதை நல்ல கதை. மோகனா என்று ஒரு மோசடிக்காரி. அவள் அப்பாவை இளமையில் ஒருவன் ஏமாற்றிவிட்டான். இன்று அவன் பெரிய மனிதன். ஒரு பொய்க் கம்பெனியை உருவாக்கி, அவனைக் கௌரவமாக அழைத்து உட்காரவைத்து, அவன் வாயாலேயே உண்மையைச் சொல்லவைக்கிறாள்.

அங்கேயே பிடித்தேன். "எவனும் தன் வாயால சொல்லமாட்டான்மா. லாஜிக் இடிக்குது."

"சொல்லவைக்கணும் சார். அதுக்குத்தான் நீங்க" என்று சிரித்தார்.

அங்கே ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கதாபாத்திரத்துக்காகப் பேசினாலும் 'அவன் இப்படிச் செய்வான்' என்று பேசக்கூடாது. 'நான் இப்படிச் செய்தேன்' என்றுதான் பேசவேண்டும். அப்போதுதான் வசனம் வாயில் வருமாம். எங்கள் காலத்திலும் சிலர் செய்ததுதான், எனக்குப் பிடிக்கும். மதியம் வரை மோகனாவாகப் பேசி மூன்று ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தேன்.

வில்லன் ஏன் ஏமாற்றினான் என்பதுதான் கதையில் இல்லை. "வில்லனுக்கு எதுக்கும்மா காரணமும் மாற்றமும்? பணத்தாசைன்னு போடுங்க, கடைசியில நாலு சாத்து சாத்துங்க, ஜனங்க கை தட்டும்" என்றேன்.

"பணம் இல்ல சார். பணமா இருந்தா உங்களக் கூப்பிட்டிருக்கமாட்டேன்" என்றார்.

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

எழுத்து கோணுகிறது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இன்று மோகனாவின் அப்பாவுடைய இளமைக்காலப் பகுதி. அதை வளன்தான் படித்தான். சாலிகிராமத்தில் ஒரு அறை. மூன்று உதவி இயக்குநர்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல சட்டை, வெள்ளைச் சட்டை. யார் தயாரிப்பாளரைப் பார்க்கப் போனாலும் அவன் அதைப் போட்டுக்கொண்டு போகவேண்டும். அதற்குப் பெயர் கம்பெனி சட்டை.

ஒருவனுக்கு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கதை சொல்ல நேரம் கிடைக்கிறது. அன்று காலை எழுந்து பார்த்தால் சட்டை பக்கெட்டில் ஊறிக்கொண்டிருக்கிறது. கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டு: 'கம்பெனியிலிருந்து போன். நாளைக்குத்தான் வரச் சொன்னார்கள்.' அவன் நிம்மதியாகத் தாம்பரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறான். மறுநாள் போனால், "நேத்து உனக்காகக் காத்திருந்தோம். இனி வராதே" என்கிறார்கள்.

டீ டம்ளர் கையிலிருந்து நழுவி என் வேட்டியெல்லாம் டீ. வளன் துணி கொண்டுவந்து துடைத்தான். "சுட்டுடுச்சா சார்?" என்றான். இல்லை என்றேன். உண்மையில் சூடு தெரியவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் சாலிகிராமத்தில் அறைக்கு அறை ஒரு கம்பெனி சட்டை இருந்தது. பக்கெட் இல்லாத அறை ஏது? துண்டுச் சீட்டும் எல்லோரும் எழுதுவதுதான். எதிரே தையற்கடை போனில் சேதி வரும், கேட்டவன் எழுதி ஒட்டுவான். எத்தனையோ பேருக்கு நடந்திருக்கும்.

பிப்ரவரி 10, சனி

தவசிலிங்கத்துக்கு நானே போன் செய்தேன். தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். சினிமாவை விட்டு இருபத்தாறு வருடம் ஆகிறது, ஆனால் மாதம் தவறாமல் என்னிடம் பேசுவான். என் ரத்தக்கொதிப்பு மாத்திரை தீரும் தேதி என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். எனக்கென்று சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே நண்பன்.

சாதாரணமாகப் பேச்சுக் கொடுப்பது போல், "நம்ம ரூம் கதைய யார்கிட்டயாவது சொன்னியா?" என்று கேட்டேன்.

"நான் யார்கிட்டடா சொல்லப்போறேன்? எம் பொண்டாட்டிகிட்டகூட முழுசாச் சொன்னதில்ல" என்றான். பிறகு அவனாகவே தொடங்கிவிட்டான். "அந்த ஆரோக்கியம் பய... ஒரே தட்டுல சாப்பிட்டு, கூட இருந்தே குழி பறிச்சான். சட்டைய ஊறப்போட்டுட்டு, சீட்டும் எழுதி வச்சிட்டு, நான் இல்லன்னு சத்தியம் வேற பண்ணான் பாரு, அதான்டா எனக்குத் தாங்கல. இப்ப நினைச்சாலும் பதறுது."

விடுடா, பழைய கதை என்றேன்.

"நீ ஒருத்தன்தான்டா அன்னைக்கும் விடுன்னு சொன்ன" என்றான். பிறகு நான் புதுப்படத்தில் உட்கார்ந்திருப்பதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டான். கடைக்கு வந்தவர்களிடம் போனை மூடாமலே, "நம்ம பிச்சாண்டி படம் பண்றான்யா" என்று சொல்வது காதில் விழுந்தது.

வெண்டைக்காய் வாங்கினேன். முற்றல்.

பிப்ரவரி 12, திங்கள்

போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்றும் போகவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. குழாயில் வாஷர் மாற்றினேன். சுலோச்சனா என்னையே பார்க்கிறாள். "கூப்பிடலியேன்னு பதினோரு வருஷம் புலம்பினீங்க, கூப்பிட்டா வீட்ல உக்காந்து வாஷர் மாத்துறீங்க" என்றாள்.

போகக்கூடாது என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியில் ஒரு தப்பு இருக்கிறது. வளன் எழுதியபடி, நண்பன் தாம்பரம் போனதும் வில்லன் தன் பழைய கட்டம் போட்ட சட்டையில் தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போகிறான். ஏதோ வேலை கேட்டு வந்தது போல் நின்று, கதை கேட்க உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளரிடம் தன் கதையைச் சொல்லி வாய்ப்பு வாங்குகிறான்.

தப்பு. சுத்தமாகத் தப்பு. அந்தக் கட்டம் போட்ட சட்டைக்கு வாட்ச்மேனே கேட்டைத் திறக்கமாட்டான். குழாயை மூட்டும்போதும் அதே நினைப்பு, சோற்றைப் பிசையும்போதும் அதே நினைப்பு. இப்படியொரு ஓட்டையோடு படம் வெளியே வந்து, அதில் என் பெயரும் இருந்தால் என்ன ஆகும்?

பிப்ரவரி 14, புதன்

போனேன்.

முதல் ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. பூங்கோதை அந்தக் காட்சியைத் தாண்டி அடுத்ததற்குப் போகப் பார்த்தார். "இருங்கம்மா" என்றேன். அதை மட்டும் திருத்திவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

"அந்தக் கட்டம் போட்ட சட்டையில உள்ள விடமாட்டாங்க."

"வேற நல்ல சட்டை இல்லியே சார். கம்பெனி சட்டை பக்கெட்ல ஊறுது" என்றான் வளன். அவன் விவாதத்தில் பேசியது அதுதான் முதல் தடவை.

"ஊறினா என்ன? பிழிஞ்சு போட்டுக்க வேண்டியதுதான்."

"ஈரத்தோடவா?"

"ஈரத்தோடதான்."

பூங்கோதை மெல்லச் சொன்னார். "சார், நம்ம சட்டம். நான்னு பேசுங்க."

பேசினேன். வில்லனாக. "நான் அந்தச் சட்டைய எடுத்து நல்லா முறுக்கிப் பிழிஞ்சேன். உதறினேன். போட்டுக்கிட்டு வெயில்ல நடந்தே போனேன், பஸ்ல போனா கசங்கிடும். சட்டை காஞ்சுது, காலர் மட்டும் காயல. உள்ள ஏசி ரூம். கதை சொல்ல ஆரம்பிச்சதும் கழுத்துல ஆரம்பிச்சு உடம்பெல்லாம் நடுங்குது. தயாரிப்பாளர் என்ன நினைச்சாரு தெரியுமா? கதையில அவ்வளவு ஊறிப்போய் உணர்ச்சியில நடுங்குறான்னு நினைச்சாரு. எழுந்து வந்து காலரோரமா தோள்ல தட்டினாரு. தட்டினவரு கையில ஈரம். வியர்வைன்னு நினைச்சுக்கிட்டாரு. திரும்பி ரூமுக்கு வந்து, சட்டையக் கழட்டி மறுபடியும் அதே பக்கெட்ல, அதே சோப்புத் தண்ணியில அமுக்கி வச்சேன். சாயங்காலம் அவங்க வந்து பார்க்கும்போது சட்டை காலையிலேருந்து அங்கேயே கிடந்த மாதிரி இருந்துச்சு. யாருக்கும் சந்தேகம் வரல. வாய்ப்பு கிடைச்சதையும் ரெண்டு மாசம் கழிச்சு, வேலை கேட்டுப் போனப்ப கிடைச்ச மாதிரிதான் சொன்னேன்."

முடித்ததும் அறையில் ஒரு சத்தமும் இல்லை. நல்ல காட்சி சொன்னால் அப்படித்தான் அமைதி வரும். எத்தனை வருடம் ஆயிற்று அந்த அமைதியைக் கேட்டு! பூங்கோதையின் முகம் வெளுத்திருந்தது. வளன் எழுதுவதை நிறுத்தியிருந்தான். பேனா தாளில் ஊன்றிய இடத்தில் மை ஊறிப் பெரிய பொட்டாகியிருந்தது.

"பழி யார் மேல சார் விழும்?" என்று கேட்டான்.

லாஜிக்கான கேள்வி. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மூணாவது ஆள் மேல. அந்த வாரம் துவைக்கிற முறை அவனோடது. போன் சேதி எழுதி ஒட்டுறவனும் அவன்தான். அவன் கையெழுத்து மாதிரி எழுதுறது ஒண்ணும் கஷ்டமில்ல, சாய்ச்சு எழுதணும், அவ்வளவுதான்."

"அவனை அடிப்பாங்களா?"

"நண்பன் அடிப்பான். தெருவுல வச்சு. அன்னைக்கே பெட்டியோட வெளிய அனுப்பிடுவான். அதுக்கப்புறம் எந்த டைரக்டரும் அவனைச் சேர்த்துக்கமாட்டாங்க."

"அப்ப நீங்க என்ன பண்ணீங்க சார்?"

"விடுடா, விடுடான்னு விலக்கிவிட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மணி பார்த்தபோது நான்கு. வரும் வழியில் என்ன பஸ் ஏறினேன் என்று நினைவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

வில்லன் செய்தான் என்றுதானே சொன்னேன். நான் என்று பேசச் சொன்னது அவர்கள் வைத்த சட்டம்.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்று காரணம் கேட்டார்கள். வில்லன் ஏன் அப்படிச் செய்தான்? பூங்கோதை பலகையில் எழுதினார்: பொறாமை, வறுமை, காதல், பழைய அவமானம். எல்லாவற்றையும் நான் அடித்துவிட்டேன்.

"நண்பன் என்னை அவமானப்படுத்தியிருந்தா சரியாப் போயிருக்கும்" என்று தொடங்கினேன். குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது. "முதல் நாள் வியாழக்கிழமை எங்ககிட்ட கதைய ஒருதடவை சொல்லிப் பார்த்தான். அருமையான கதை. மூணாவது ஆள் அழுதுட்டான். எனக்கும் அழுகை வந்துச்சு. அப்ப அவன் என் தோள்ல கைபோட்டு, 'கவலப்படாதடா, படம் கிடைச்சா முதல் அசிஸ்டென்ட் நீதான். உனக்குன்னு ஒரு வேலை எப்பவும் எங்கிட்ட உண்டு'ன்னான். அன்பாத்தான் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே வருஷம் பட்டணம் வந்தவங்க. ஒரே டைரக்டர்கிட்ட வேலை பாத்தவங்க. எனக்கு அவன் வேலை போட்டுத் தர்றான். அந்த ஒரு வார்த்தைதான். அன்னைக்கு ராத்திரி பக்கெட்ல தண்ணி பிடிச்சேன்."

"இவ்வளவுதானா சார்?" என்றார் பூங்கோதை. அதிர்ச்சியில் கேட்டதா, ஏமாற்றத்தில் கேட்டதா, தெரியவில்லை.

"இவ்வளவுதான்" என்றேன்.

வளன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். வெகுநேரம் உள்ளே வரவில்லை. சின்ன வயசு, சிகரெட் பழக்கம் இருக்கும்.

பிப்ரவரி 19, திங்கள்

நான் போனபோது வளன் மட்டும் இருந்தான். டீ ஊற்றிக் கொடுத்தான். நான் குடித்து முடிக்கும்வரை நின்றான்.

"சார், நான் ஆரோக்கியம் மகன்."

டம்ளரை வைக்க மேசையைத் தேடினேன். மேசை எதிரேதான் இருந்தது, கைக்கு அகப்படவில்லை. அவன் முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். இரண்டு வாரமாக அந்த ஆரோக்கியத்தின் நெற்றியும் புருவமும் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்திருக்கின்றன. நான் ஒரு தடவையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆரோக்கியம் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறானாம். வீட்டில் டி.வி.யில் சினிமா வந்தால் எழுந்து வெளியே போய்விடுவானாம். மகன் சினிமாவுக்குப் போகிறேன் என்றபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னானாம்: "அங்க என் பேரச் சொல்லாத, உன்ன உள்ள விடமாட்டாங்க."

"அப்பாவுக்கு உங்க மேல சந்தேகம் உண்டு சார். ஆனா ஏன்னு அவருக்குப் புரியல. நமக்கும் பிச்சாண்டிக்கும் ஒரு சண்டையும் இல்லியே, தவசிக்கும் அவனுக்கும் உயிர்னா உயிராச்சேன்னு சொல்லுவாரு. அந்த ஏன்ங்கிறதக் கேட்கத்தான் உங்களக் கூப்பிட்டோம். படம் பொய்யில்ல சார். பூங்கோதை அக்கா நிஜமாவே எடுக்கிறாங்க. உங்க பேரும் வரும்."

அப்புறம் போனை எடுத்து என் எதிரே வைத்தான். பதினாலாம் தேதி, பதினாறாம் தேதி, இரண்டு பதிவுகள். "இத நான் தவசிலிங்கம் சாருக்கு அனுப்பிடலாம். அனுப்பினா இது நான் பண்ண ஏமாத்து வேலை ஆயிடும். வர்ற ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு அப்பா இங்க வர்றாரு, என் ஆபீஸப் பார்க்க. தவசிலிங்கம் சாரும் வர்றாரு. நீங்க கதை சொல்றீங்கன்னு சொல்லி வரச் சொல்லியிருக்கேன். ஒருத்தர் வர்றது ஒருத்தருக்குத் தெரியாது. நீங்க வந்தா சொல்லுங்க. வரலன்னா, அவரு இன்னொரு தடவை எங்கப்பாவ அடிச்சாலும் அடிப்பாரு. அப்பா வாங்கிக்குவாரு."

"இதுக்கு வேற நகல் இருக்கும்" என்றேன். அந்த நிலையிலும் என் வாயில் வந்தது லாஜிக்தான்.

"இல்ல சார். நீங்களே அழிச்சுடுங்க."

இரண்டையும் அழித்தேன். விரல் தடுமாறவில்லை. அழித்து முடித்து நிமிர்ந்தால் அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பிப்ரவரி 20, செவ்வாய்

நெத்திலி மீன் வாங்கி வந்தேன். சுலோச்சனா நன்றாக வறுத்திருந்தாள். நன்றாகச் சாப்பிட்டேன்.

இப்போது எந்த ஆதாரமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் வந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது. ஆரோக்கியம் பட்டது பட்டதுதான், அதை இனி யார் மாற்ற முடியும்? தவசியாவது நிம்மதியாக இருக்கட்டும். அவனுக்கு இருப்பது நான் ஒருவன்தான். இதை அவனுக்காகத்தான் சொல்கிறேன்.

வில்லனுக்கு மாற்றம் தேவையில்லை என்று முதல் நாளே சொன்னேன்.

பிப்ரவரி 22, வியாழன்

உங்கள் டைரியில் நான் எழுதுவது தப்புதான். கேஸ் ரசீதைத் தேடும்போது கையில் கிடைத்தது. ஒரு வாரமாக உங்கள் முகம் சரியில்லை, அதனால் படித்தேன். வில்லன் என்று எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் உங்கள் பேரைப் போட்டுப் படித்தேன். எல்லாம் பொருந்துகிறது. லாஜிக் இடிக்கவில்லை. ஈரச் சட்டை உட்பட.
— சுலோச்சனா

பிப்ரவரி 23, வெள்ளி

நேற்று டைரியைத் திறந்து அவள் கையெழுத்தைப் பார்த்ததும் மூடிவைத்தேன். சமையலறைக்குப் போனேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அந்தப் படத்தக் காட்டித்தானே எங்கப்பாகிட்ட என்னப் பொண்ணு கேட்டீங்க" என்றாள். "இவரு சொந்தமா படம் எடுத்தவரு, ஓடலன்னாலும் நேர்மையா எடுத்தவருன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொன்னாரு. கூடத்துல அந்தப் பூஜை போட்டோவ நான் வாராவாரம் துடைக்கிறேன். அதுல நீங்க போட்டிருக்கிறதும் அந்தச் சட்டைதானே?"

அதே சட்டைதான். பூஜைக்கும் அதைத்தான் போட்டேன். அதைத் தந்து வாழ்த்தி அனுப்பியவன் தவசி.

"அந்த மனுஷன் போன வருஷம் எனக்கு ஆபரேஷன்போது ஆஸ்பத்திரி வாசல்ல மூணு நாள் உக்காந்திருந்தாரு" என்றாள். இன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது.

பிப்ரவரி 24, சனி

காய்ச்சல் இல்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மணி நான்கு. வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஆகிறது. திரைக்கதையில் முடிவை முதலில் சொல்வது என் வழக்கமில்லை. இன்று அப்படித்தான் வருகிறது.

தவசி என்னை அடிக்கவில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "உனக்கு வேலை தர்றேன்னு சொன்னேனே, அதுவாடா?" அதுதான் என்றேன். அவன் முகத்தை இனி நான் எப்படி மறப்பது? இருபத்தாறு வருடமாக ஆரோக்கியத்தின் மேல் வைத்திருந்த கோபத்தை என்மேல் மாற்றிக்கொள்ளக்கூட அவனுக்குத் தெம்பில்லை. வாய் திறந்தபடியே இருந்தது.

ஆரோக்கியம் கதவோரம் செருப்பைப் போட்டபடி நின்றுகொண்டிருந்தான். தவசியைப் பார்த்ததிலிருந்து எந்த நிமிடமும் வெளியே தள்ளப்படுவோம் என்று தயாராக நின்றவன். எல்லாம் கேட்டபிறகும் அவன் சொன்னது அன்று தெருவில் அடிவாங்கியபோது சொன்ன அதே வார்த்தை. "துவைக்கிற முறை எனக்குத்தான் தவசி. ஆனா நான் ஊறப்போடல."

"தெரியும்யா" என்றான் தவசி. "இப்பத் தெரியும்யா." எழுந்து போய் அவன் கையைப் பிடித்தவன் விடவே இல்லை. இரண்டு பேரும் படி இறங்கிப் போனார்கள். வளன் அவர்கள் பின்னாலேயே போனான். பால்கனியிலிருந்து பார்த்தேன். எதிர் டீக்கடையில் தவசி விரலைக் காட்டி டீ சொன்னான். முன்பெல்லாம் மூன்று விரல் காட்டுவான். இன்றும் மூன்றுதான் காட்டினான். மூன்றாவது டீ வளனுக்கு. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இனி மாதாமாதம் போன் வராது.

பூங்கோதை என்னிடம், "வில்லனோட முடிவு கிடைச்சிடுச்சு சார்" என்று சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டு அழுதுவிட்டார்.

இனி காலையில் நடந்தது.

ஒன்பது மணிக்குக் குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தால் ஒரு சட்டை இல்லை. ஒன்றுகூட இல்லை. குளியலறையில் பெரிய அன்னக்கூடையில் என் சட்டைகள் அத்தனையும் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. வீட்டில் போடும் பனியன், கல்யாணத்துக்குப் போடும் பட்டுச் சட்டை, எல்லாம்.

சுலோச்சனா கதவருகே வந்து நின்றாள். மூன்று நாள் கழித்துப் பேசினாள். குரலில் ஒன்றுமே இல்லை.

"வெயில் நல்லா அடிக்குது. மத்தியானத்துக்குள்ள காஞ்சுடும். அவங்களுக்கு போன் பண்ணி, நாளைக்கு வர்றேன்னு சொல்லிடட்டுமா?"

இவளோடு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன், இவளுக்கு இப்படியொரு காட்சி எழுதத் தெரியும் என்று நினைத்ததே இல்லை. அவள் கையில் என் போன் இருந்தது. நான் ஆம் என்று தலையாட்டினால் நிச்சயம் செய்திருப்பாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் என்னவாக இருந்திருப்பேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

குனிந்து அந்த வெள்ளைச் சட்டையைத் தேடி எடுத்தேன். தண்ணீரில் அலசினேன். முறுக்கிப் பிழிந்தேன். உதறினேன். கை தானாக எல்லாவற்றையும் செய்தது, மறக்கவே இல்லை. போட்டுக்கொண்டேன். முதுகெல்லாம் சில்லென்று ஒட்டியது. பொத்தான் போட முடியாமல் நடுங்கினேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள், உதவிக்கு வரவில்லை. வாசலுக்கு வந்தபோது மட்டும், "நடந்தே போங்க, பஸ்ல கசங்கிடும்" என்றாள்.

நடந்தேன். வடபழனி போய்ச் சேர்வதற்குள் சட்டை காய்ந்துவிட்டது. காலர் மட்டும் காயவில்லை. மூன்று மாடி ஏறிப் போனபோது சரியாகப் பதினோரு மணி. தவசிதான் முதலில் எழுந்து ஓடி வந்தான். புதுவேட்டி கட்டியிருந்தான், என் கதை கேட்பதற்காக. எனக்குப் பின்னால் ஆரோக்கியம் படியேறி வந்துகொண்டிருந்தான். நான் என்ன சொல்லித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

தவசி என் கழுத்தைச் சுற்றிக் கைபோட்டான். போட்ட கையை எடுத்துப் பார்த்தான்.

"என்னடா, சட்டை ஈரமா இருக்கு?"

அங்கிருந்துதான் தொடங்கினேன்.